பிரேக்கும் பழகிப்போன காலும்



ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது துரையின் கார். அதை விட்டால் டாக்டர் வந்துபோகும் கார். நமக்குச் சைக்கிளும் கால்நடையும்தான். 1985இல் புரோட்டோன் சாகா வந்தது, 1994இல் பெரோடுவா கஞ்சில் வந்தது; அதன் பிறகு மெல்ல மெல்ல நம் வாசலிலும் கார் நிற்கத் தொடங்கியது. இன்றைக்குப் பீடோங், பாடாங் செராய், கோலா கெட்டில் பக்கம் எந்தத் தோட்டத்திற்குப் போனாலும் சரி, தோட்டத்தை விட்டுப் பட்டணத்து மலிவு வீடுகளுக்குக் குடிபோனவர்களின் வாசலைப் பார்த்தாலும் சரி, ஒரு பழைய கார் நிற்கிறது. மூன்று கை, நான்கு கை மாறி வந்த கார். அதில் ஏறுகிறவர்களை எண்ணிப் பாருங்கள். பாட்டி, பேரப்பிள்ளைகள், பக்கத்து வீட்டுப் பிள்ளை, மடியில் கோயிலுக்குப் போகிற பொங்கல் பானை!

காலையில் பள்ளி வாசலில் நின்று பிள்ளைகளை உள்ளே அனுப்புகிற வேலை எனக்கு உண்டு. கார்கள் வந்து நிற்கிற சத்தத்தைத் தினமும் கேட்கிறேன். சில கார்கள் சத்தமில்லாமல் நிற்கின்றன. சில கார்கள் கிறீச்சிட்டு நிற்கின்றன. ஒன்றிரண்டு கார்கள் இரும்பை இரும்பில் தேய்க்கிற சத்தத்தோடு நிற்கின்றன. அதிலிருந்தும் பிள்ளைகள் இறங்கி, "வணக்கம் சார்" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போகிறார்கள். ஆகவே இந்த மாதம் பிரேக்கைப் பற்றி எழுதுகிறேன். நான் மெக்கானிக் அல்லன். படித்ததையும், பட்டறைப் பலகையில் காத்துக்கிடந்த நேரத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டதையும்தான் சொல்கிறேன். எதை நாமே பார்த்துக்கொள்ளலாம், எந்த இடத்தில் கையைக் கட்டிக்கொண்டு பட்டறைக்காரரிடம் விட்டுவிட வேண்டும் என்பதுதான் விஷயம்.

முதலில் பிரேக் எப்படி வேலை செய்கிறது என்று பார்ப்போம். சைக்கிளில் பிரேக் பிடித்தால் ரப்பர் கட்டை சக்கரத்தின் விளிம்பைக் கவ்வுகிறது. காரிலும் அதேதான். மைவி, ஆக்சியா, சாகா போன்ற கார்களில் பெரும்பாலும் முன் சக்கரத்தில் ஒரு இரும்புத் தட்டு இருக்கும், அது டிஸ்க். அதை இரண்டு பக்கமும் இரண்டு பேட் கவ்விப் பிடிக்கும். பின் சக்கரத்தில் டிரம் இருக்கும். அதற்குள் ஷூ என்கிற வளைந்த கட்டைகள் விரிந்து உட்சுவரில் உராயும். சைக்கிளில் கம்பி இழுக்கிற வேலையைக் காரில் பிரேக் எண்ணெய் செய்கிறது. நாம் மிதித்ததும் மாஸ்டர் பம்ப் எண்ணெயைத் தள்ளுகிறது. அந்த அழுத்தம் குழாய் வழியே நான்கு சக்கரத்திற்கும் போகிறது. ஓடுகிற வேகம் முழுவதும் அங்கே சூடாக மாறுகிறது. முப்பது கிலோமீட்டர் வேகத்தில் நிறுத்துவதைவிட அறுபதில் நிறுத்தும்போது அந்தச் சூடு இரண்டு மடங்கு அல்ல, நான்கு மடங்கு. இதை ஐந்தாம் ஆண்டுப் பிள்ளையிடம் சொன்னால் நம்பாது. பெரியவர்களும் நம்புவதில்லை என்பதைப் பெருஞ்சாலையில் பார்க்கிறோம்.

இப்போது சத்தத்திற்கு வருவோம். இரவு முழுக்க மழை பெய்த மறுநாள் காலையில், முதல் இரண்டு மிதியில் ஒரு கரகரப்புக் கேட்டு நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம். டிஸ்க்கின்மேல் படிந்த மெல்லிய துரு உரிகிற சத்தம் அது. ஆனால் ஒவ்வொரு முறை மிதிக்கும்போதும் மெல்லிய குரலில் கிறீச் என்று கேட்டால் அது வேறு. பல பேட்களில் ஒரு சிறிய இரும்புத் தகட்டை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். பேட் தேய்ந்து மெலிந்ததும் அந்தத் தகடு டிஸ்க்கில் உரசிக் கத்தும். புது பேட்டில் உராயும் பகுதி ஏறக்குறைய பத்து மில்லிமீட்டர் கனம் இருக்கும். மூன்று மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்றிவிட வேண்டும். அந்தக் கத்தல், "எனக்கு வயதாகிவிட்டது, அடுத்த சம்பளத்துக்குள் பார்" என்று சொல்வது. அந்தக் குரலை விட்டுவிட்டால் அடுத்து வருவது கரகரவென்ற அரைப்புச் சத்தம். பேட் முழுதும் தீர்ந்து, அதன் முதுகு இரும்பு டிஸ்க்கைச் செதுக்குகிறது என்று பொருள். அதற்குத் தவணை கிடையாது. அந்தக் கார் பட்டறைக்குத்தான் போக வேண்டும். பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு அல்ல.

இந்தச் சத்தத்தை முதலில் கேட்பவர் ஓட்டுகிறவர் அல்லர் என்பதைக் கவனித்திருக்கிறீர்களா? பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாய்மார்கள்தான்.

"என்னங்க, காடி ஏதோ கத்துதே?"

"பழைய காடின்னா கத்தத்தான் செய்யும். அந்த ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வை."

எத்தனை வீடுகளில் இந்தப் பேச்சு நடந்திருக்கும்! தாய்மார்களே, ரேடியோவைக் கூட்டாதீர்கள். அணைத்துவிட்டு, சன்னலைத் திறந்து, ஒரு சுவரோரமாக மெதுவாக ஓட்டச் சொல்லிக் கேளுங்கள். சத்தம் சுவரில் பட்டுத் தெளிவாகத் திரும்பும்.

சத்தத்தைவிடப் பெரிய விஷயம் கால். இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பிரேக் ஒரே நாளில் கெட்டுப்போவது அரிது. இன்று ஒரு மயிரிழை, அடுத்த வாரம் ஒரு மயிரிழை என்று மிதி கீழே இறங்குகிறது. தினமும் ஓட்டுகிறவரின் காலும் அதோடு சேர்ந்து இறங்கப் பழகிவிடுகிறது. "இந்தக் காடிக்கு அப்படித்தான், இரண்டு தடவை மிதித்தால் பிடிக்கும்" என்று பெருமையாகவே சொல்கிறார்கள். காரைச் செய்தவர்கள் நம்மைக் காப்பாற்றவென்று எண்ணெய்க் குழாயை இரண்டு பிரிவாக வைத்திருக்கிறார்கள். ஒரு பிரிவு ஒழுகிப் போனாலும் மற்றது இரண்டு சக்கரத்தையாவது பிடிக்கும். அது நல்ல ஏற்பாடு. ஆனால் பாதி பிரேக்கோடு பல நாள் ஓட்டுகிற துணிச்சலையும் அது கொடுத்துவிடுகிறது. அதனால் உங்கள் காரை எப்போதாவது மைத்துனரிடமோ, நன்றாக ஓட்டத் தெரிந்த வேறொருவரிடமோ கொடுத்து, காலியான இடத்தில் ஒரு சுற்று மெதுவாக ஓட்டச் சொல்லுங்கள். அவர் முதல் மிதியிலேயே, "என்ன மாமா, பிரேக் இவ்வளவு கீழே போவுது!" என்று கத்தினால், அவர் கால்தான் சரி. உங்கள் கால் பழகிப்போய்விட்டது.

யாரும் இல்லையென்றாலும், வாசலில் நிறுத்தி வைத்தே சில சோதனைகளைச் செய்யலாம். எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை ஒரே சீராக மிதித்தபடி அரை நிமிடம் காலை எடுக்காமல் வைத்திருங்கள். மிதி ஓரிடத்தில் கல்லாக நிற்க வேண்டும். மெல்ல மெல்லத் தரையை நோக்கி இறங்கினால், எங்கோ எண்ணெய் கசிகிறது. அல்லது மாஸ்டர் பம்பின் உள்ளே இருக்கும் ரப்பர் தேய்ந்துவிட்டது. இரண்டாவது வகைதான் ஏமாற்றுக்காரன். எண்ணெய் வெளியே ஒழுகாது, பம்புக்குள்ளேயே ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நழுவும். கீழே தரை காய்ந்திருக்கும். புட்டியில் அளவும் குறையாது. "ஒரு சொட்டுக்கூட ஒழுகலையே" என்று மனம் ஆறுதல் தேடும். அந்தக் காரை அதற்குமேல் சாலையில் இறக்கக் கூடாது.

மிதி இறங்காமல், பஞ்சை மிதிப்பதுபோல் மெத்தென்று இருந்தால் குழாய்க்குள் காற்றுப் புகுந்திருக்கலாம். எண்ணெய் அமுங்காது, காற்று அமுங்கும். அதனால்தான் அந்த மெத்தென்ற உணர்வு. இதற்கு நேர்மாறாக, மிதி கட்டைபோல் இறுகி, முழுப் பலத்தோடு மிதித்தால்தான் நிற்கிறது என்றால் சர்வோவைச் சந்தேகிக்க வேண்டும். நம் காலுக்குத் துணை செய்வது அதுதான். எஞ்சின் இழுக்கும் காற்றைக் கொண்டு வேலை செய்கிறது. அதைச் சோதிக்க, எஞ்சினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள், மிதி இறுகும். அப்படியே மிதித்தபடி எஞ்சினை முடுக்குங்கள். மிதி சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பட்டறைக்குத்தான்.

மிதித்ததும் கார் ஒரு பக்கமாக இழுத்தால், ஒரு பக்கத்துக் காலிப்பர் இறுகியிருக்கலாம். அல்லது ஒரு பேட்டில் எண்ணெய் பட்டிருக்கலாம். ஓடி வந்து நின்றதும் ஒரு சக்கரத்தில் மட்டும் கருகிய வாடையும் சூடும் இருந்தால், அந்தச் சக்கரத்தில் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. (தொட்டுப் பார்க்க வேண்டாம், கையை அருகில் கொண்டுபோனாலே தெரியும்.) மிதி அதிர்ந்தால் டிஸ்க் சமமாகத் தேயவில்லை. ஆனால் ஏ.பி.எஸ். உள்ள காரில் திடீரென்று பலமாக மிதிக்கும்போது காலில் தடதடவென்று வருவது கோளாறல்ல, அது அப்படித்தான் வேலை செய்யும், காலை எடுத்துவிடாதீர்கள்.

சிவப்பு விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டிருந்தால் எரிகிற அதே விளக்குதான், பல கார்களில் பிரேக் எண்ணெய் குறைந்தாலும் எரிகிறது. ஹேண்ட் பிரேக்கை முழுதும் இறக்கிய பிறகும், வளைவுகளில் அந்த விளக்கு மின்னி மின்னி அணைகிறதா? புட்டியில் எண்ணெய் குறைந்து, கார் சாயும்போது காட்டிக்கொடுக்கிறது. உடனே நிறுத்தி மூடியைத் திறக்காமலேயே வெளிக்கோட்டைப் பாருங்கள்.

இங்கேதான் நம்மவர்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். குறைந்திருக்கிறது, ஊற்றினால் சரி என்று ஊற்றிவிடுகிறார்கள். பிரேக் எண்ணெய் சமையல் எண்ணெய் மாதிரி செலவாகிற பொருள் அல்ல. அது மூடிய குழாய்க்குள் இருக்கிறது. குறைந்தால் இரண்டே காரணம்: பேட் தேய்ந்து எண்ணெய் அந்த இடத்தை நிரப்பியிருக்கிறது, அல்லது ஒழுகுகிறது. பின் சக்கரத்தின் உட்பக்கம் டயர் ஈரமாக இருந்தால் ஒழுகுவது அங்கேதான். ஊற்றிவிட்டால் விளக்கு அணையும், ஒழுகல் அணையாது. எஞ்சின் எண்ணெயையோ வேறு எண்ணெயையோ ஊற்றினால் கேட்கவே வேண்டாம். உள்ளே இருக்கிற ரப்பர்கள் எல்லாம் ஊதிக் கெட்டுப்போகும். அப்புறம் ஒரு பொருள் அல்ல, பம்பிலிருந்து சக்கரம்வரை எல்லாம் மாற்ற வேண்டி வரும்.

அந்த எண்ணெய்க்கும் ஆயுசு உண்டு. நம் நாட்டுக் காற்றில் ஈரம் அதிகம். பிரேக் எண்ணெய் அந்த ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். டோட் 3 வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் கொதிக்கும். ஈரம் ஏறிய பிறகு 140 டிகிரி அளவிலேயே கொதிக்கத் தொடங்கிவிடலாம். கொதித்தால் ஆவி. ஆவி அமுங்கும். மிதி சட்டென்று தரைக்குப் போகும். சமவெளியில் கூலிமுக்கும் லூனாசுக்கும் போய்வருகிற வரைக்கும் இது தெரியவே தெரியாது. குனோங் ஜெராய் ஏறி இறங்கும்போது தெரியும்.

ஜெராய் 1,217 மீட்டர் உயரம். குருன் அடிவாரத்திலிருந்து ஏறுகிற அந்த வளைந்த சாலையில் பள்ளி விடுமுறைக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறோம். ஏறும்போது எஞ்சின் திணறுகிறது; எல்லாரும் எஞ்சினைப் பற்றியே கவலைப்படுகிறார்கள். ஆபத்து இறங்கும்போதுதான். கியரை டி-யிலேயே விட்டு, வழி முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பேட்டும் டிஸ்க்கும் பழுத்துப் போகும். "கியர் ரெண்டா" என்று மலைச் சாலைகளில் பலகை வைத்திருப்பது அழகுக்கு அல்ல. ஏறின கியரிலேயே இறங்குங்கள். ஆட்டோ கியர் என்றால் 3, 2, எல் என்று உங்கள் காரில் எது இருக்கிறதோ அதற்கு இறக்குங்கள். பெட்ரோல் மிச்சமென்று நியூட்ரலில் போட்டு வருவதும், எஞ்சினையே அணைத்துவிட்டு உருட்டி வருவதும் இன்னும் சிலரிடம் இருக்கிறது. எஞ்சின் நின்றால் சர்வோவும் நிற்கும். ஓரிரண்டு மிதிக்குப் பிறகு பிரேக் கல்லாகிவிடும். மிச்சப்படுகிற பெட்ரோல் ஒரு தே தாரேக் காசுக்குக்கூட வராது.

2013 ஆகஸ்டு 21ஆம் நாள் கெந்திங் மலையிலிருந்து இறங்கிய பஸ் பள்ளத்தில் விழுந்து 37 பேர் இறந்தது நினைவிருக்கும். விசாரணையில் பேசப்பட்ட காரணங்களில் பிரேக்கும் ஒன்று. பஸ், லாரிகளுக்காவது ஆறு மாதத்திற்கு ஒருமுறை பரிசோதனை என்று சட்டம் இருக்கிறது. நம் சொந்தக் காருக்கு அப்படி ஆண்டுதோறும் கட்டாயப் பரிசோதனை இல்லை. பெயர் மாற்றும்போது ஒருமுறை பார்ப்பார்கள். அதன் பிறகு பத்து வருடம் ஓட்டினாலும் நீங்கள்தான் பரிசோதகர். கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுத்துப் பெயர் மாற்றாமல் ஓட்டுகிற கார்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை!

இறங்கும் வழியில் மிதி தரைக்குப் போய்விட்டால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். வேகமாக விட்டு விட்டுப் பலமுறை மிதியுங்கள். சில நேரம் அழுத்தம் திரும்பும். கியரை ஒவ்வொன்றாக இறக்குங்கள். ஹேண்ட் பிரேக்கை ஒரேயடியாக இழுக்காமல், பொத்தானை அழுத்தியபடி கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். எஞ்சினை அணைக்காதீர்கள். வேறு வழியில்லையென்றால் பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப்பக்கச் சரிவில் உரசி நிறுத்துங்கள். கார் போனால் போகட்டும்.

வெள்ளத்தையும் மறந்துவிட முடியாது. 2022 ஜூலையில் பாலிங், கூப்பாங் பக்கம் வந்த வெள்ளத்தை யாரும் மறந்திருக்க மாட்டோம். சேற்று நீரில் நின்ற காரைக் கழுவித் துடைத்து, எஞ்சின் ஓடியதும் போதும் என்று எடுத்துவிடக் கூடாது. டிரம்முக்குள் சேறும் மணலும் அடைந்திருக்கும். அவ்வளவு ஏன், தோட்டத்துச் செம்மண் சாலையில் தினமும் ஓடுகிற காருக்கும் அதே கதைதான். மழையில் சேறு, வெயிலில் தூசி. பட்டணத்துக் காரைவிட அடிக்கடி டிரம்மைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். தேங்கிய நீரைக் கடந்து வந்தவுடன், பின்னால் வண்டி இல்லாத இடமாகப் பார்த்து, மெதுவாகப் போகும்போதே இரண்டு மூன்று முறை லேசாக மிதித்துப் பிரேக்கைக் காயவைத்துக்கொள்ள வேண்டும்.

இனி, யாரிடம் கொடுப்பது? நம்மிடையே கைத்தொழில் தெரிந்த பிள்ளைகள் நிறைய உண்டு. ரம்புத்தான் மரத்தடியில் ஜாக்கி போட்டு எஞ்சின் எண்ணெய் மாற்றுவார்கள், பேட்டரி மாற்றுவார்கள். செய்யட்டும், பாராட்டுவோம். பிரேக்கில் மட்டும் ஒரு கோடு கிழித்துக்கொள்ளுங்கள். எண்ணெய் அளவு பார்ப்பது, சக்கர ஓட்டை வழியே பேட்டின் கனம் பார்ப்பது, நான் மேலே சொன்ன சோதனைகள், இவை நம் வேலை. குழாயைக் கழற்றுவது, காற்று எடுப்பது, பம்ப், காலிப்பர் எல்லாம் தொழில் பழகியவர் வேலை. கெடாய் போத்தோங்கில் மலிவாகக் கிடைக்கிறதென்று பழைய கதவு வாங்கலாம், பழைய கண்ணாடி வாங்கலாம். இன்னொரு காரில் தேய்ந்த பிரேக் பேட்டையும் மாஸ்டர் பம்பையும் வாங்காதீர்கள்.

பட்டறைக்குப் போனால் வெறுமனே "பிரேக் சரியில்லை" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். மருத்துவரிடம் சொல்வதுபோல் சொல்லுங்கள்: எப்போது சத்தம், காலையிலா, சூடான பிறகா, எந்தப் பக்கம், மிதி எப்படி. நம்மைத் தேவையில்லாத செலவில் இழுத்துவிடுவார்களோ என்ற பயம் எல்லாருக்கும் உண்டு, நியாயமான பயம்தான். அதற்கு வழி, தள்ளிப்போடுவது அல்ல. "தம்பி, கழற்றின பழைய பேட்டை எடுத்துக் காட்டுப்பா" என்று கேளுங்கள். நல்ல தொழிலாளி முகம் சுளிக்க மாட்டார். பேட் மாற்றினால் வலது இடது இரண்டு சக்கரத்திற்கும் சேர்த்தே மாற்ற வேண்டும்; அதை ஏமாற்று என்று நினைக்காதீர்கள். வேலை முடிந்ததும் அங்கேயே எஞ்சினை ஓடவிட்டு மிதித்துப் பாருங்கள். பேட் மாற்றிய கார் முதல் சில மிதியில் பிடிக்காது; மிதித்து மிதித்து இறுகிய பிறகே நகர்த்த வேண்டும்.

செலவு என்று பார்த்தால், சிறிய காருக்கு முன் பேட் மாற்றுவது நூற்றுச் சொச்சம் வெள்ளியில் முடியலாம். அதைப் போனஸ் வரட்டும், கூட்டுப் பணம் விழட்டும் என்று தள்ளிப்போட்டு டிஸ்க்கையும் கெடுத்துக்கொண்டால் பல மடங்கு ஆகும். மிதி தரைக்குப் போகிற காரை, பக்கத்தில்தானே பட்டறை என்று ஓட்டிக்கொண்டு போகவும் வேண்டாம். மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள். இல்லையென்றால் இழுவை வண்டி. அந்த ஒரு வாரம் பிள்ளைகள் பஸ்ஸில் வரட்டும். தாமதமாக வந்தால் நான் ஒன்றும் சொல்ல மாட்டேன்.

பள்ளி வேனில் பிள்ளைகளை அனுப்புகிற பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. வேன்காரரிடம் மாதக் கட்டணத்தைப் பற்றிப் பேசுகிறோம், நேரத்தைப் பற்றிச் சண்டை போடுகிறோம். "அண்ணே, கடைசியா எப்ப பிரேக் பார்த்தீங்க?" என்று ஒரு முறை மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். பார்த்திருந்தால் உடனே சொல்வார்.

தைப்பூசத்துக்குப் பினாங்கு தண்ணீர்மலைக்குக் கார் நிறைய ஆட்களோடு கிளம்புகிறவர்கள், முதல் நாள் மாலையில் அல்ல, இரண்டு வாரம் முன்னதாகவே காரைக் காட்டிவிடுங்கள். திருவிழா நெருங்கினால் பட்டறையில் இடம் கிடைக்காது. டயரைப் பற்றி எழுதுங்கள் என்று பல பெற்றோர் கேட்டிருக்கிறார்கள். அதை அடுத்த இதழில் எழுதுகிறேன்.